பால்வீதியின் மையத்தில் இருக்கும் இளம் நட்சத்திரக் கொத்துகள்

ஆடி மாதக் கடைசியில், இரவு எட்டு மணி வாக்கில், சென்னையில் ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கு ஏறித் தெற்கே பாருங்கள். மேகம் இல்லாத நாளாகவும், தெரு விளக்கு கண்ணில் அடிக்காத மூலையாகவும் இருந்தால் நல்லது. கொஞ்சம் தென்மேற்காகக் கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும். அதிலிருந்து கீழே இறங்கி, இடது பக்கம் வளைந்து, தூண்டில் முள் மாதிரி மேலே திரும்பும் ஒரு நட்சத்திர வரிசை இருக்கும். அதுதான் விருச்சிகத்தின் வால். வால் நுனி மூலம். அதற்கும் இடது பக்கம் தனுசு ராசியின் நட்சத்திரங்கள் டீ கெட்டில் வடிவத்தில் நிற்கும். கெட்டிலின் மூக்கு மூலத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வால் நுனிக்கும் மூக்குக்கும் இடையே, மூக்கை ஒட்டி, கொஞ்சம் மேலாக இருக்கும் வெறும் இருட்டுதான் நம் பால்வீதியின் மையம்.

போன வருடம் என் அக்கா மகளுக்கு இதைக் காட்டினேன். ஏழாவது படிக்கிறாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லையே சித்தி" என்றாள்.

அவள் சொன்னது கண்ணுக்கு உண்மை. ஆனால் அந்த ஒண்ணுமே இல்லாத இடத்தில், ஒரு முழு நிலாவின் அகலத்துக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டு வானத்தில், மூன்று நட்சத்திரக் கொத்துகள் இருக்கின்றன. பால்வீதியில் நமக்குத் தெரிந்த மிக நெரிசலான, மிகப் பெரிய நட்சத்திரங்கள் நிறைந்த கொத்துகளில் இவை சேர்த்தி. அன்றைக்கு அவளுக்கு மாடியில் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், கொத்து என்றால் என்ன? நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒற்றையாகப் பிறப்பதில்லை. விண்வெளியில் ஒரு பெரிய வாயு மேகம் தன் எடை தாங்காமல் சுருங்கும்போது, ஒரே சமயத்தில் நூறு, ஆயிரம் என்று பிறக்கின்றன. பிறந்தவை ஒன்றை ஒன்று ஈர்த்துக்கொண்டு சேர்ந்தே இருந்தால் அது ஒரு கொத்து. நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கொத்து கார்த்திகை. கண்ணுக்கு ஆறு தெரியும், தொலைநோக்கியில் ஆயிரம் வரை எண்ணலாம். அது நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, வயது 10 கோடி ஆண்டுக்கு மேல். இந்த 10 கோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பால்வீதி மையம் இருப்பது சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில். தூரம் மட்டும் அதை மறைக்கவில்லை. நடுவில் தூசி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். போகியன்று விடியற்காலையில் வெளியே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிர் வீடு தெரியாது. மணி ஏழாகிச் சூரியன் மேலே வந்தாலும் மங்கலான சிவப்பு வட்டமாகத்தான் நிற்கும். பொடிப்பொடியான புகைத் துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்துவிடும், சிவப்பு ஓரளவு தப்பி வந்துவிடும். நமக்கும் பால்வீதி மையத்துக்கும் நடுவில் 26,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு போகிப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை அங்கே அடர்த்தி மிகமிகக் குறைவுதான், ஆனால் வழி நெடுகச் சேர்ந்துகொண்டே வருகிறது.

எவ்வளவு சேர்கிறது என்று சொல்ல ஓர் அளவு வேண்டும். அந்த அளவுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்லாமல் போக மனமில்லை. நட்சத்திரங்களின் பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று 1856இல் கணக்கை நிலைநிறுத்தியவர் நார்மன் போக்சன். அவர்தான் 1861இல் மெட்ராஸ் வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தை 1891இல் இறக்கும் வரை நடத்தினார். வந்த வருடமே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏசியா என்று பெயர் வைத்தார். அந்த வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது, தமிழ் எழுத்தும் பொறித்த தூண். இன்று உலகம் முழுக்க வானியலாளர்கள் பயன்படுத்துவது போக்சன் கணக்கைத்தான்.

அந்தக் கணக்குப்படி, பால்வீதி மையத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 30 மேக்னிட்யூட் தூசியில் போய்விடுகிறது. ஐந்துக்கு 100 மடங்கு என்றால், முப்பதுக்கு நூறை ஆறு தடவை பெருக்க வேண்டும். வருவது ஒரு லட்சம் கோடி. அதாவது அங்கிருந்து கிளம்பும் ஒரு லட்சம் கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் நம்மிடம் வந்து சேருகிறது. என் அக்கா மகளின் கண்ணில் குறையே இல்லை.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் பார்த்தார்கள்? போகிச் சூரியன் சொல்வதுதான் வழி. சிவப்பு தப்பி வருகிறது என்றால், சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பு இன்னும் நன்றாகத் தப்பி வரும். அகச்சிவப்பில் சரியான அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளி வந்துவிடுகிறது. லட்சம் கோடியில் ஒன்று எங்கே, பத்தில் ஒன்று எங்கே! 1968இல் எரிக் பெக்லினும் கெர்ரி நியூகபவரும் முதல் முறையாக அகச்சிவப்பில் மையத்தைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக, வெறும் வெளிச்சத் திட்டாக இருந்தது தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்தது.

அப்படிப் பிரிந்ததில் கிடைத்தவைதான் நம் மூன்று கொத்துகள். மையத்தில் சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளை இருக்கிறது, சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்கு மேல் நிறை. அதைச் சுற்றியே ஒரு கொத்து இருக்கிறது, அதற்கு மையக் கொத்து என்று பெயர். மற்ற இரண்டும் பார்வைக்கு மையத்திலிருந்து சுமார் 100 ஒளியாண்டு தள்ளி இருக்கின்றன. ஒன்றின் பெயர் குவின்டப்லெட், ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து பிள்ளைகள் என்று அர்த்தம். முதலில் அகச்சிவப்பில் ஐந்து பிரகாசமான புள்ளிகள்தான் தெரிந்தன, அதனால் அந்தப் பெயர். அந்த ஐந்தும் என்னவென்றே பல வருடம் பிடிபடவில்லை. 2006இல் ஹவாயில் இருக்கும் கெக் தொலைநோக்கியால் பார்த்தபோது, சில புள்ளிகளைச் சுற்றித் தூசி சுருள் சுருளாக வெளியேறுவது தெரிந்தது. வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு பெரிய நட்சத்திரமும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே தூசியைக் கக்குகின்றன. திருவிழாவில் விற்கும் காற்றாடி சுழல்வது போன்ற படம். பார்த்தால் மறக்காது.

மூன்றாவது ஆர்ச்சஸ். பக்கத்தில் வளைவு வளைவாக ஒளிரும் வாயு இழைகள் ரேடியோ தொலைநோக்கியில் முன்பே தெரிந்திருந்ததால் இந்தப் பெயர். கொத்தைக் கண்டுபிடித்தது 1990களில்தான். அந்த வளைவுகள் ஏன் ஒளிர்கின்றன என்ற கேள்விக்கும் அப்போதுதான் பதில் கிடைத்தது: கொத்திலிருந்து கொட்டும் புற ஊதாக் கதிர்கள் வாயுவைச் சூடாக்கி ஒளிர வைக்கின்றன. குவின்டப்லெட் பக்கத்திலும் இப்படி ஒளிரும் வாயு இருக்கிறது, அதன் வடிவம் கதிர் அறுக்கும் அரிவாள்.

ஆர்ச்சஸ் எவ்வளவு நெரிசல்? நாசா இப்படிச் சொல்கிறது: சூரியனுக்கும் நம் பக்கத்து நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரிக்கும் உள்ள தூரத்தை ஆரமாக வைத்து ஓர் உருண்டை வரைந்தால், ஆர்ச்சஸ் நெரிசலில் அதற்குள் ஒரு லட்சம் நட்சத்திரங்களுக்கு மேல் இருக்கும். இங்கே அந்த உருண்டைக்குள் சூரியன் மட்டும்தான். நான் இதைச் சென்னைத் தூரமாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பக்கத்து நட்சத்திரம் திருச்சியில் இருக்கிறது என்றால், ஆர்ச்சஸில் பக்கத்து நட்சத்திரம் சென்ட்ரலுக்குக் கிண்டி மாதிரி. அங்கே ஒரு கோள் இருந்து, அதில் மாடி ஏறிப் பார்க்க ஆள் இருந்தால், அவர்களுக்கு இரவு என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

நெரிசலைவிட என்னை அதிகம் பிரமிக்க வைப்பது அந்த நட்சத்திரங்களின் அளவும் ஆயுளும். சூரியனைவிடச் சுமார் 100 மடங்கு எடையுள்ளவையும் அங்கே இருக்கின்றன. எடை 100 மடங்கு என்றால் எரிபொருளும் 100 மடங்கு, அப்போது ஆயுளும் கூடத்தானே வேண்டும்? நேர் எதிர். எடை கூடக் கூட நடுப்பகுதி அதிகமாக நசுங்குகிறது, நசுங்கினால் சூடு ஏறுகிறது, சூடு ஏறினால் அணுக்கரு எரிதல் பல மடங்கு வேகம் பிடிக்கிறது. வீட்டில் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். கல்யாண மண்டபத்தில் பத்து சிலிண்டர் அடுக்கியிருந்தாலும் முகூர்த்தச் சாப்பாடு முடிவதற்குள் தீர்ந்துவிடும். சூரியனைப் போல 100 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் சூரியனைப் போலச் சுமார் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் செலவழிக்கிறது. சூரியனின் மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இவற்றின் ஆயுள் சுமார் 30 லட்சம் ஆண்டு. குவின்டப்லெட்டில் பிஸ்டல் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. சூரியன் ஒரு வருடம் முழுக்கக் கொடுக்கும் ஆற்றலை அது அரை நிமிடத்துக்குள் கொடுத்துவிடுகிறது.

ஒரு நட்சத்திரம் எவ்வளவு எடை வரை வளர முடியும் என்ற கேள்விக்கும் ஆர்ச்சஸ்தான் முதலில் உதவியது. 2005இல் டொனால்ட் ஃபைகர் அங்கே எடைவாரியாகக் கணக்கெடுத்து, சூரியனைப் போல 150 மடங்குக்கு மேல் ஒன்றுகூட இல்லை என்று காட்டினார். பிறகு பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தில் அதைவிட எடை கூடியவை இருப்பதாகத் தெரிந்ததால் அந்த விவாதம் இன்னும் நடக்கிறது.

இப்போது வயதுக்கு வருவோம். ஆர்ச்சஸுக்குச் சுமார் 25 முதல் 35 லட்சம் ஆண்டு, குவின்டப்லெட்டுக்கும் மையக் கொத்துக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதை இளமை என்கிறார்களா என்று கேட்கலாம். சென்னையிலிருந்து வடமேற்கே 60 கிலோமீட்டர் போனால் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் வரும். அங்கே கிடைத்த கல் கோடாரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று கணித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தபோது, ஆர்ச்சஸ் பிறந்து ஏற்கெனவே பத்து லட்சம் ஆண்டு ஆகியிருந்தது. மனிதக் கணக்கில் நினைக்க முடியாத காலம்தான். ஆனால் சூரியனின் 460 கோடி ஆண்டில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனை 46 வயது ஆள் என்று வைத்தால், ஆர்ச்சஸ் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஒரு சின்ன விஷயம். நாம் பார்ப்பது 26,000 ஆண்டுக்கு முந்தைய ஒளி, அதனால் இந்தக் கொத்துகள் இப்போது இருக்கின்றனவோ இல்லையோ என்று சிலர் கேட்பார்கள். 26,000 ஆண்டு என்பது இவற்றின் வயதில் நூற்றில் ஒரு பங்கு. ஓரிரு நட்சத்திரம் வெடித்திருக்கலாம், ஆனால் கொத்துகள் அங்கேயேதான் இருக்கின்றன.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பால்வீதி மையம் நட்சத்திரங்கள் பிறக்க வசதியான இடமே இல்லை. வாயு ஏராளம், சூரியனைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு நிறை. இருந்தும் அந்த வாயுவுக்கு எதிர்பார்க்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. செங்கல் என்று செல்லப்பெயர் வைத்த ஒரு மேகம் அங்கே இருக்கிறது. சூரியனைப் போல லட்சம் மடங்கு நிறை, கட்டியான இருட்டு, ஆனால் உள்ளே பெரிதாக ஒன்றும் பிறக்கவில்லை. உறை ஊற்றிய பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் உறையுமா? நம் பக்கத்து வாயு மேகங்கள் மிகக் குளிர்ந்து அமைதியாகக் கிடக்கின்றன. மையத்தில் வாயு அதைவிடச் சூடு, கொந்தளிப்பு அதிகம், காந்தப்புலமும் பலம். சின்ன மேகங்கள் சுருங்க வழியில்லை. ஆனால் எப்போதாவது போதுமான அளவு வாயு ஒரே இடத்தில் குவிந்து ஈர்ப்பு விசை ஜெயித்துவிட்டால், பிறப்பது பத்தும் இருபதும் இல்லை, ஆயிரக்கணக்கில். ஆர்ச்சஸின் மொத்த நிறை சூரியனைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல்.

மையக் கொத்து இன்னும் பெரிய புதிர். கருந்துளைக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு வாயு மேகம் வந்தால் பிய்த்து எறியப்படும். அங்கே எஸ் 2 என்று ஓர் இளம் நட்சத்திரம் 16 ஆண்டுக்கு ஒரு முறை கருந்துளையைச் சுற்றி வருகிறது. இப்படிப்பட்ட நட்சத்திரங்களின் பாதையைப் பல வருடம் பொறுமையாகப் பின்தொடர்ந்துதான் கருந்துளையின் நிறையைக் கணக்கிட்டார்கள். அதற்காகத்தான் ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்ஸல் இருவரும் 2020 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மையக் கொத்தின் நட்சத்திரங்களில் பல ஒரே தட்டில் சுற்றுவதால், முன்பு கருந்துளையைச் சுற்றி ஒரு வாயுத் தட்டு இருந்து, அது உடைந்து நட்சத்திரங்களாகியிருக்கும் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

பிறந்தாகிவிட்டது. சேர்ந்து இருக்க முடிகிறதா?

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குப் பாட்டி எங்களைக் கூட்டிப் போனார். பெரியம்மா, அம்மா, பிள்ளைகள் ஆறு பேர், எல்லோரும் கைகோத்துச் சங்கிலியாக மாட வீதியில் நடந்தோம். சப்பரங்கள் நெருங்க நெருங்க, சங்கிலியின் முன்னால் இருந்தவர்களைக் கூட்டம் வேகமாக இழுத்தது. பின்னால் இருந்த எங்களை அவ்வளவு இழுக்கவில்லை. யாரும் எங்களைப் பிரிக்க நினைக்கவில்லை, எல்லோரும் ஒரே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் இழுப்பு கூட, பின்னால் இழுப்பு குறைவு, அவ்வளவுதான். பாட்டியின் கையிலிருந்து என் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவியது இன்னும் நினைவிருக்கிறது.

பால்வீதி மையத்தில் ஒரு கொத்துக்கு நடப்பதும் இதுதான். மையத்தின் பக்கம் இருக்கும் நட்சத்திரங்களை ஈர்ப்பு விசை அதிகமாக இழுக்கிறது, மறுபக்கம் இருப்பவற்றைக் குறைவாக. கடலில் ஓதம் ஏறி இறங்குவதும் இதே காரணத்தால்தான், அங்கே இழுப்பது நிலா. கொத்தின் சொந்த ஈர்ப்பு ஒரு கை, மையத்தின் வித்தியாசமான இழுப்பு கூட்டம். ஓரத்தில் இருப்பவை ஒவ்வொன்றாக நழுவுகின்றன. ஆர்ச்சஸ் நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் இந்த நெரிசலுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியில் இதை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வது, அதிகபட்சம் ஒரு கோடி ஆண்டு, அதற்குள் கொத்து கலைந்துவிடும். கார்த்திகையின் 10 கோடியை இப்போது எடுத்துப் பாருங்கள். ஆயிரம் நட்சத்திரம் மட்டுமே உள்ள மெல்லிய கொத்து நம் அமைதியான பக்கத்தில் 10 கோடி ஆண்டாகச் சேர்ந்தே இருக்கிறது. அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள ஆர்ச்சஸால் அதில் பத்தில் ஒரு பங்கு காலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

இதிலிருந்துதான் முக்கியமான விஷயம் கிடைக்கிறது. மையத்தில் நாம் பார்க்கும் கொத்துகள் எல்லாமே இளசாக இருப்பது தற்செயல் இல்லை. வயதானவை நமக்குக் கொத்தாகக் கிடைக்காது. பெரிய நட்சத்திரங்கள் செத்துப்போயிருக்கும், மீதி கலைந்து பொதுக் கூட்டத்தில் கரைந்திருக்கும். இவ்வளவு குறைந்த ஆயுளுள்ள கொத்துகளில் மூன்றை ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது என்றால், இதற்கு முன் எத்தனையோ பிறந்து கலைந்திருக்க வேண்டும்.

அந்தக் கலைந்த கூட்டங்களைத்தான் இப்போது தேடுகிறார்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், எந்தக் கொத்திலும் சேராமல் தனியாக நிற்கும் பெரிய நட்சத்திரங்கள் மையப் பகுதி முழுக்கக் கிடைத்தன. சில ஆர்ச்சஸ், குவின்டப்லெட் இரண்டிலிருந்தும் நழுவியவையாக இருக்கலாம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, சாஜிட்டேரியஸ் பி 1 என்ற பகுதியில் சுமார் ஒரு கோடி ஆண்டு வயதுள்ள இளம் நட்சத்திரங்கள் சிதறிக் கிடப்பதைக் காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்தால் சூரியனைப் போல லட்சக்கணக்கான மடங்கு நிறை, பல ஆர்ச்சஸுக்குச் சமம்.

சிதறிய பிறகு எது எந்தக் குடும்பம் என்று எப்படித் தெரியும்? வருடக்கணக்கில் இடைவெளி விட்டு அதே இடத்தைப் படம் எடுத்து, எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறார்கள். ஒரு கொத்திலிருந்து பிரிந்தவை பிரிந்த பிறகும் கொஞ்ச காலம் ஏறத்தாழ ஒரே திசையில், ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். லட்சக்கணக்கான புள்ளிகள் தாறுமாறாக நகரும் படத்தில், ஒன்றாக நகரும் சிலவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அறுபத்துமூவர் அன்று எங்களைப் பெரியம்மா கண்டுபிடித்ததும் அப்படித்தான். தெப்பக்குளத்துச் சுவர் ஓரம் நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒருத்தி, கற்பூரக் கடை வாசலில் ஒருத்தி, நான் ஒரு போலீஸ்கார அக்காவின் பக்கத்தில். பாட்டி ஒரே பீஸ் துணியில்தான் எங்கள் எல்லோருக்கும் பாவாடை தைத்திருந்தார். கிளிப்பச்சையில் சிவப்புப் பூ. பெரியம்மா முகத்தைத் தேடவே இல்லை, அந்தப் பச்சையை மட்டும் தேடிக்கொண்டு மாட வீதியைச் சுற்றி வந்தார்.